எண்பது குதிரையிலிருந்து ஏழு குதிரைக்கு

1. கண்ணாடியில் எழுதியிருந்த எண்

முதல் நாள் வேலைக்குப் போனபோது முதலாளி லென் எனக்குப் பட்டறையைக் காட்டவில்லை. தோளில் கை போட்டுத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டுபோய், கடையின் முன்கண்ணாடியைக் காட்டினார். உள்ளே நின்ற ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் நேரே வெள்ளைப் பெயின்டில் ஓர் எண் எழுதியிருந்தது. விலையாக்கும் என்று நினைத்தேன். விலை கீழே எறும்பு அளவில் கிடந்தது. பெரிதாக எழுதியிருந்தது குதிரைவலு.

"டேவ், இதுதான் எங்கட வியாபாரம். சனம் வண்டி வாங்க வாறதில்லை, நம்பர் வாங்க வருகுது. நீ உள்ளுக்க இருந்து வண்டியைத் திருத்து. நம்பரைப் பற்றி ஆரிட்டயும் வாயைத் திறந்துபோடாத" என்றார்.

தவராசா என்ற என் பெயர் அவர் வாயில் நுழையாததால் நான் டேவ் ஆகிவிட்டேன். அவர் பேசியது ஆங்கிலம். நான் அதை என் யாழ்ப்பாணத் தமிழில் எழுதுகிறேன். இடையிடையே வந்த தூஷணங்களைக் கழித்துவிட்டதால் பேச்சுக் கொஞ்சம் மெலிந்து தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கடை சிட்னியின் மேற்கே, கிரான்வில்லில், பரமட்டா றோட்டின் மேல் இருந்தது. ஜப்பானிலிருந்து நாலு சிலிண்டர் வண்டிகள் வந்து இறங்கிய காலம். தொழிற்சாலைப் பெடியன்கள் சம்பளக் கவரோடு வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவார்கள். கண்ணாடியில் எந்த எண் பெரிதோ அதற்கு முன்னால் போய் நிற்பார்கள். மூன்று மாதம் கழித்து அவர்களே பட்டறைப் பக்கமாக வருவார்கள். சிக்னலில் நின்றால் தொடை வேகுது, பெற்றோல் குடிக்குது, முதுகு நோகுது என்பார்கள். வண்டியில் ஒரு பிழையும் இராது. வேலைக்குப் போகிற தெருவில் எண்பது குதிரையில் பத்துக் குதிரைதான் ஓடும். மிச்சம் எழுபதும் உங்கள் காலுக்கிடையில் சும்மா நின்று சூடாகும். இதை நான் அவர்களிடம் சொன்னதில்லை. லென் வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தார் அல்லவா.

இப்போது நான் ஓய்வுபெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பைக் வாங்கப்போகும் பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லாருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான்: "அங்கிள், ஹவ் மெனி ஹோர்ஸ்பவர்?" நின்றுகொண்டு சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் குணம் என்ற நண்பரைப் பற்றி எழுதுகிறேன்.

2. குணம் வண்டி எடுத்தது

குணரத்தினம் என்ற குணம் என்னிலும் ஏழெட்டு வயது இளையவர். பரமட்டாவில் ஒரு கட்டடப் பொறியியல் அலுவலகத்தில் படம் வரைபவர். அவருடைய மனைவி மலர் ஆஸ்பத்திரித் தாதி. இருவரும் மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளிக் குடியிருந்தார்கள். அந்த நாளில் அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். தெருவில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் நின்று ஊர், பெயர் விசாரித்து, சாப்பாட்டுக்கும் கூப்பிட்டுவிட்டுத்தான் போவோம். அப்படித்தான் குணம் எங்களுக்குப் பழக்கமானார்.

ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தவர் நேரே தொள்ளாயிரம் சி.சி. வண்டிக்கு முன்னால் போய் நின்றார். கடையில் இருந்ததிலேயே பெரிய எண் அதற்குத்தான். எண்பது சொச்சம். நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். லென் மேல்மாடியில் இருந்தார், அந்தத் துணிச்சல்தான்.

"இது உமக்கு வேண்டாம் குணம்" என்றேன். "மெரிலேண்ட்ஸிலயிருந்து பரமட்டாவுக்குப் போய்வர எண்பது குதிரை என்னத்துக்கு?"

குணம் சிரித்தார். பெற்றோல் தாங்கியில் தன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார்.

"அண்ணை, நான் காரில போனாலும் பஸ்ஸில போனாலும் ஆரோ ஒருத்தன் திரும்பிப் பாத்து, நீ எங்கயிருந்து வந்தனீ எண்டு கேக்கிறான். இதில போனா ஒருத்தனும் கேக்கமாட்டான். கேக்கிறதுக்குள்ள நான் போயிடுவன்."

அந்தக் கேள்வி என்னிடமும் தினமும் கேட்கப்பட்டதுதான். வண்டியின் பாகங்களை நானே பூட்டிச் சரிபார்த்துக் கொடுத்தேன்.

அதன்பிறகு குணம் ஆளே மாறிவிட்டார். கறுப்புத் தோல் சட்டை, கறுப்பு ஹெல்மெற். வாயைத் திறந்தால் எண்கள்தான். நூறு மைல் வேகத்தைப் பிடிக்க எவ்வளவு நேரம், எந்தக் கியரில் எவ்வளவு சுற்று, எல்லாம் மனப்பாடம். மலர் மட்டும் அந்த வண்டியில் ஏறவே மாட்டாள். "அதில இருந்தா எனக்கு வயிறு பின்னுக்கு நிக்குது அண்ணை, நான் முன்னுக்குப் போறன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போவாள்.

3. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்

நான் அப்போது ஓடியது தொண்ணூறு சி.சி. வண்டி ஒன்று. ஏழு குதிரைவலு, அதிலும் அரைக்குதிரைக்கு வயதாகிவிட்டது. நடுவில் பெற்றோல் தாங்கி இல்லாமல், காலை அந்த இடைவெளியால் வைத்து ஏறுகிற வகை. அதற்குக் கிளச் பிடி கிடையாது. காலால் கியரை மிதித்தால் உள்ளே கிளச் தானாகவே விலகிச் சேர்ந்துகொள்ளும். குணம் அதற்குக் கோழிக்குஞ்சு என்று பெயர் வைத்தார்.

"அண்ணை, உங்கட கோழிக்குஞ்சு ஒரு ஏத்தம் ஏறி முடியிறதுக்குள்ள நான் வீட்ட போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டுத் திரும்பி வந்திடுவன்."

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து ஓடப் போவோம். சேர்ந்து என்று பேச்சுக்குச் சொல்கிறேன். மெரிலேண்ட்ஸில் ஒன்றாகப் புறப்படுவோம். முதல் சிக்னலில் பச்சை விழுந்ததும் குணத்தின் முதுகுகூடத் தெரியாது. நான் விண்ட்சர் தாண்டி, தோடம்பழத் தோட்டங்களின் வேலி ஓரமாக, ஆற்றிலிருந்து வருகிற குளிர்ந்த காற்றை வாங்கிக்கொண்டு மெல்லப் போய்ச் சேருவேன். குணம் ஆற்றங்கரையில் ஹெல்மெற்றைக் கழற்றி வைத்துவிட்டு, சலித்துப்போய் உட்கார்ந்திருப்பார்.

"என்ன அண்ணை, எங்க நிண்டனீங்கள்?"

"தோடம்பழம் வித்துக்கொண்டு ஒரு மனிசி நிண்டா. அவவோட கொஞ்சம் கதைச்சுக்கொண்டு நிண்டிட்டன்."

"நான் அப்பிடி ஒருத்தரையும் காணேல்லையே."

"நீர் என்னத்தைக் கண்டனீர்?"

கொஞ்சம் யோசித்தார். "ஸ்பீடோமீற்றரைக் கண்டனான்" என்று சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு பேரும் தோடம்பழம் சாப்பிட்டோம். குணத்தை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது இந்தச் சிரிப்புத்தான். நல்ல மனிதர். வண்டி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் விசர்.

4. கிளச் பாரம்

அடுத்த குளிர்காலத்தில் குணம் வண்டியைக் கொண்டுவந்து, கிளச் பாரமாக இருக்கிறது என்றார். புது வண்டிகளின் கேபிள் தூசி பிடித்தால் இறுகும். எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். சில வாரத்தில் திரும்பி வந்தார். கேபிளையே மாற்றினேன். மீண்டும் வந்தார். பிடியை நீளமானதாக மாற்றிப் போட்டேன்.

எங்கள் பட்டறையில் ஒரு முறை இருந்தது. வாடிக்கையாளர் குறை சொன்னால் குறையை வண்டியில்தான் தேட வேண்டும். வண்டி ஓடுகிற ஆளைப் பற்றி மூச்சு விடக்கூடாது. ஆளைக் குறை சொன்னால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவான் என்பது லென் போட்ட கணக்கு. திருத்திய பிறகு அந்த வண்டியை நாங்கள் ஒருமுறை ஓடிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். குணத்தின் வண்டியை ஒவ்வொரு முறையும் ஓடிப் பார்த்தேன். எனக்கு ஒரு பாரமும் தெரியவில்லை. குணத்துக்கு அது பாரமாகவே இருந்தது.

ஒருநாள் காலையில் வண்டி லொறியில் வந்து இறங்கியது. பின்னாலேயே குணம் நொண்டிக்கொண்டு வந்தார். சிவப்பு விளக்கில் கியரைப் போட்டுக் கிளச்சைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன. வண்டி ஒருமுறை துள்ளி, நின்று, அவர் காலின் மேல் சாய்ந்துவிட்டது.

"கேபிள் திரும்பவும் போயிட்டுது அண்ணை" என்றார்.

"வண்டியில இருந்து கிளச்சைப் பிடியும், பாப்பம்" என்றேன். பிடித்தார். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவர் பல்லைக் கடித்துப் பிடிக்கப் பார்த்தும் விரிந்தன.

"கையைக் காட்டும் குணம்."

இடது கையை நீட்டினார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தசை இருக்க வேண்டிய இடம் குழி விழுந்து கிடந்தது. வலது கையில் அந்த இடம் நிறைந்துதான் இருந்தது. என் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"இது கேபிள் இல்லைத் தம்பி" என்றேன். "டொக்டரிட்டப் போம்." அதுவரை நான் அவரைத் தம்பி என்று அழைத்ததில்லை.

5. மலர் கேட்டது

பரிசோதனைகள் பல வாரம் நடந்தன. கடைசியில் நரம்பு வைத்தியர் மோட்டார் நியூரோன் நோய் என்றார். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துப்போகும் வியாதி. முதலில் கை, பிறகு மற்றக் கை, கால், பேச்சு, கடைசியில் மூச்சு. மருந்து இல்லை. முன்பே கண்டுபிடித்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாதாம். குணத்துக்கு இதை வைத்தியர் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. மலருக்கு நோயின் பெயரே போதுமாக இருந்தது. அவள் அப்படிப்பட்ட நோயாளிகளைப் பராமரித்தவள்.

வேலை முடிந்து அதே வெள்ளைச் சீருடையோடு அவள் பட்டறைக்கு வந்தாள். அங்கே அவள் வந்தது அதுதான் முதல் தடவை. எண்ணெய்த் தரையில் கால் வைக்கத் தயங்கி வாசலிலேயே நின்றாள்.

"அண்ணை, உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும். அந்த வண்டியைத் திருத்த ஏலாது எண்டு அவரிட்டச் சொல்லிப்போடுங்கோ. நீங்கள் சொன்னா நம்புவார். நான் சொன்னா, பயத்தில சொல்லுறன் எண்டுவார்."

"அது உண்மைதானே மலர்" என்றேன். "அந்த வண்டியை அவற்ற கைக்கு ஏத்தமாதிரித் திருத்த ஏலாதுதான். எண்பது குதிரையைப் பிடிச்சு வைக்கிறதெண்டால் கிளச்சுக்குள்ள பலமான ஸ்பிரிங் வேணும். அந்த ஸ்பிரிங்கை அமத்துறதுக்குப் பலமான கை வேணும். லேசான ஸ்பிரிங்கைப் போட்டா கிளச் வழுக்கும், வண்டி இழுக்காது."

"அப்ப வித்துவிடுங்கோ."

"விப்பம். பிறகு அவர் என்ன செய்வார்?"

"வீட்டில இருப்பார். என்னோட இருப்பார்." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு அவர் இன்னும் கொஞ்சக் காலம்தான் அண்ணை. அதைக் கொண்டுபோய் றோட்டில குடுக்க என்னால ஏலாது."

நான் என் வண்டியைக் காட்டினேன். கிளச் இல்லாத வண்டி, இடது கைக்கு அதில் வேலை இல்லை, வலது கை நன்றாக இருக்கும்வரைக்கும் ஓடலாம் என்றேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கும் வண்டி விசர்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் கோபித்தது நியாயம். அவளுக்கு வேண்டியது மீதியிருந்த நாட்கள். ஒரு மோட்டார் சைக்கிள் மெக்கானிக்குக்கு அதில் என்ன சொல்ல இருக்கிறது?

தொள்ளாயிரத்தை லென் திருப்பி எடுத்துக்கொண்டார். குணத்தின் நோயைப் பற்றிச் சொன்னதும் அவர் தூஷணம் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கடையில் நான் கண்ட பெரிய மரியாதை அதுதான்.

6. ஏழு குதிரை

சில வாரம் கழித்து மலர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். இருக்கச் சொல்லிக் கதிரையை இழுத்துப்போட்டேன். உட்காரவில்லை.

"அவர் கதைக்கிறாரில்லை அண்ணை. வேலைக்குப் போறார், வாறார், சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். வீட்டில என்னோட இருப்பார் எண்டு நினைச்சன். இருக்கிறார், ஆனா இல்லை." கண்ணைத் துடைத்தாள். "உங்கட அந்தச் சின்ன வண்டியைக் கொண்டுவாங்கோ."

அன்று பின்னேரமே கொண்டுபோனேன். குணம் வாசலுக்கு வந்து பார்த்தார். முகம் கறுத்தது.

"கோழிக்குஞ்சோ? என்னைப் பாக்க உங்களுக்குப் பகிடியா இருக்கோ அண்ணை?"

"ஏறும். பிடிக்காட்டி எடுத்துக்கொண்டு போறன்."

மலருக்காகத்தான் ஏறினார் என்று நினைக்கிறேன். இடது கையைச் சும்மா பிடியின் மேல் வைத்துக்கொண்டு, காலால் கியரை மிதித்து, ஒழுங்கை முனையில் திரும்பி மறைந்தார். ஒரு சுற்றுச் சுற்றி வரும் நேரம் ஆகியும் ஆளைக் காணவில்லை. மலர் கேற்றைப் பிடித்தபடி நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதில் நான் எரிந்துபோயிருக்க வேண்டும். நானும் உள்ளுக்குள் கடவுளைக் கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

குணம் வந்து சேர்ந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. வண்டியின் முன்கூடையில் இரண்டு எலுமிச்சங்காய்.

"அண்ணை, இந்த நாலு ஒழுங்கைக்குள்ள எத்தினை வீட்டில தேசிமரம் நிக்குது தெரியுமோ? ஒரு கிழவர் மதிலுக்கு மேலால கூப்பிட்டுத் தந்தவர். ரெண்டு வருசமா இதாலதான் போனனான், ஒரு மரத்தையும் கண்டதில்லை."

மலர் அங்கேயே நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். குணம் பதறிப்போய் இறங்கினார். நான் எலுமிச்சங்காயைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.

அந்த வண்டி அதற்குப் பிறகு என் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. பெரிய றோட்டுக்குப் போகக்கூடாது என்பது மலர் போட்ட ஒரே நிபந்தனை. குணம் உள்தெருக்களால் வேலைக்குப் போனார். பின்னேரம் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று மலரை ஏற்றிக்கொண்டு வந்தார். எண்பது குதிரையில் ஏறமாட்டேன் என்றவள் ஏழு குதிரையில் ஏறிச் சிரித்துக்கொண்டு போனதை நான் கண்ணால் கண்டேன். கடைக்கு வந்தால் குணம் இப்போது வேகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எந்த வீட்டு நாய் துரத்துகிறது, எந்த வெதுப்பகத்தில் எப்போது பாண் வாசம் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். லென் ஒருநாள் கேட்டார்: "மேட், உண்மையைச் சொல்லு, பெரிய வண்டி இல்லையெண்டு கவலையில்லையோ?"

"கவலைதான் லென்" என்றார் குணம். "அது அருமையான வண்டி. ஆனா அதில போகேக்க நான் எப்பவும் அடுத்த இடத்தில இருந்தனான். இதில போகேக்க போற இடத்தில இருக்கிறன்."

லென் எழும்பி அவருக்குத் தேத்தண்ணி போடப் போனார்.

7. பின்சீற்

வலது கை எட்டு மாதம்தான் தாங்கியது. முதலில் குணத்தால் பென்சில் பிடிக்க முடியாமல் போனது. வேலையை விட்டார். பிறகு வண்டியின் அக்சிலேற்றரைத் திருக முடியவில்லை. அவரே என்னிடம் சாவியைத் தந்தார். "போதும் அண்ணை" என்றார். பேச்சும் அப்போது கொஞ்சம் குழறத் தொடங்கியிருந்தது.

சாவியை வாங்கவிடாமல் நடுவில் கையை நீட்டியது மலர். "நான் ஓடுறன்" என்றாள்.

நானும் குணமும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவளுக்குச் சைக்கிளே சரியாக ஓட வராது.

"நோயாளியளைத் தூக்கித் தூக்கி எனக்குக் கையில பலமிருக்கு. கிளச்சும் இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றாள்.

பாடசாலை மைதானத்தில் குணம் கதிரையில் இருந்து குழறிக் குழறிச் சொல்லிக்கொடுக்க, அவள் ஓடிப் பழகினாள். இரண்டு தரம் விழுந்தாள். லைசென்ஸ் எடுத்தாள். நான் பட்டறையில் இரும்புக் குழாயை வளைத்துப் பின்சீற்றுக்கு ஒரு சாய்மானம் செய்து பூட்டினேன். அகலமான தோல் பட்டி ஒன்றும் போட்டேன். லென்தான் தன் பழைய பட்டியைக் கொண்டுவந்து தந்தார். மலர் குணத்தைத் தூக்கி ஏற்றி, பட்டியைக் கட்டி, முன்னால் ஏறி உட்கார்வாள். பரமட்டா பார்க்குக்குள் ஆற்றோரமாக ஒரு சுற்றுவட்டத் தெரு இருக்கிறது. ஞாயிறு பின்னேரங்களில் அதில் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். உடற்பயிற்சிக்கு ஓடுகிற ஆட்கள்கூட அவர்களை முந்திக்கொண்டு போவார்கள். அவ்வளவு மெதுவாக ஓடினாள்.

வளைவுகளில் திரும்ப முதலில் அவளுக்குப் பயம். மோட்டார் சைக்கிளைத் திருப்புவது கையால் அல்ல, உடம்பைச் சாய்த்துத்தான். அதைச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். குணம் பின்னால் இருந்து அதைச் செய்தார். கையும் காலும் விட்டுப்போனாலும் இடுப்பில் அவருக்கு இன்னும் பலம் இருந்தது.

"வளைவு வரேக்க அவர் முதல்ல சரிவார்" என்று மலர் சொன்னாள். "அதோட நானும் சரிவன். அவ்வளவுதான் அண்ணை எனக்குத் தெரிஞ்ச ஓட்டம். நான் முன்னுக்கு இருக்கிறன், ஓடுறது அவர்தான்."

8. பூட்டுப் பிழை

ஒரு திங்கட்கிழமை மலர் தனியாகப் பட்டறைக்கு வந்தாள். சீருடையில் வந்தாள். ஹெல்மெற்றைக் கழற்றவில்லை.

"வண்டியில ஏதோ பிழை அண்ணை. வளைவில திரும்புதில்லை. பாரமா, நேர போகப் பாக்குது. ஹாண்டில் பூட்டில ஏதோ இறுகிப்போச்சு."

வண்டியை ஸ்ராண்டில் ஏற்றி முன்சில்லை உயர்த்தினேன். ஹாண்டில் ஒரு விரல் தொட்டாலே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழன்றது. ரயர்க் காற்றுச் சரி. தெருவுக்குக் கொண்டுபோய் ஓடிப் பார்த்தேன். பிள்ளைபோலத் திரும்பியது. திரும்பி வரும்போதே எனக்கு விளங்கிவிட்டது. பின்னால் இருந்த மனிதர் இப்போது சரிவதில்லை. நோய் இடுப்புக்கு வந்துவிட்டது.

அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவள் அறியாதவளா? ஆஸ்பத்திரியில் எத்தனை பேரைப் பார்த்தவள். அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஹாண்டில் பூட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் இளக்கிவிடவோ?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. இளக்கிவிடுங்கோ."

நான் ஸ்பானரை எடுத்து, ஹாண்டிலைப் பிடித்திருக்கும் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, மீண்டும் அதே கால் சுற்று இறுக்கினேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். "சரி" என்றேன். "நன்றி அண்ணை, போயிட்டு வாறன்" என்றாள். என் பணிக்காலத்தில் ஒரு வேலையும் செய்யாமல் செய்த திருத்தம் அது ஒன்றுதான். அதற்காக எனக்கு இன்றுவரை வெட்கமில்லை.

அந்த வாரத்திலேயே குணத்துக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை. நானும் லென்னும் போய்ப் பார்த்தபோது பேச முடியாது, கண்ணால்தான் சிரித்தார். என் எண்ணெய்க் கையைப் பார்த்துச் சிரித்தார். வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்று நான் வாய்விட்டு அழுதேன். லென் என் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றார். அவருக்கும் அழுகைதான்.

9. கடைசியாக

செத்தவீடெல்லாம் முடிந்து சில காலம் கழித்து மலர் வண்டியைத் திருப்பித் தர வந்தாள். வேண்டாம், நீரே வைத்திரும் என்றேன். வெஸ்ட்மீட்டில் புது ஆஸ்பத்திரி திறந்தபோது அவள் அங்கே வேலைக்கு மாறினாள். பல வருடம் அந்த வண்டியில்தான் போய் வந்தாள். வண்டியைத் திருப்பித் தர வந்த அன்று அவள் பட்டறையின் வாங்குப் பலகையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் நான் கடைசியாக எழுத வேண்டும்.

"அந்த ஞாயிற்றுக்கிழமை, வண்டி திரும்புதில்லையெண்டு நான் உங்களிட்ட வந்தனே, அதுக்கு முதல் நாள். பார்க் வாசலுக்குக் கிட்டப் போயிட்டம். இருட்டிக்கொண்டு வந்தது. மழை பிடிக்கப்போகுது எண்டு நினைச்சு, உள்ள போகாம நேர வீட்ட வந்திட்டன். அவர் பின்னாலயிருந்து என்னவோ சொன்னவர். எனக்கு விளங்கேல்லை. வீட்ட வந்து இறக்கேக்க திரும்பச் சொன்னவர். 'சுத்தி' எண்டவர். சுத்திப் போயிருக்கலாம் எண்டு சொன்னவர். நான் அடுத்த கிழமை போவம் எண்டன்."

ஹெல்மெற்றை எடுத்து மடியில் வைத்தாள்.

"மழை பெய்யவே இல்லை அண்ணை" என்றாள்.

நான் அந்தக் கடையில் மேலும் இருபது வருடம் வேலை செய்தேன். வரவர எண்கள் இன்னும் பெரிதாகின. நூறைத் தாண்டின, நூற்றைம்பதைத் தாண்டின. யாராவது எத்தனை குதிரைவலு என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்வேன். எண்பது குதிரை கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். குணம் அதில் பறந்த நாட்களும் அவருடைய நாட்கள்தான். ஆனால் எண்ணைச் சொன்ன பிறகு இன்னும் ஒன்றைச் சொல்வேன், லென் பக்கத்தில் நின்றாலும் சொல்வேன். வேலை முடிந்து களைத்து வரும்போதும் வீட்டுக்கு நேரே போகாமல் சுற்றிப் போகவேண்டும் என்று எந்த வண்டியில் உங்களுக்குத் தோன்றுகிறதோ, அந்த வண்டியை வாங்குங்கள்.

வாங்கிய பிறகு, தோன்றுகிற அன்றைக்கே சுற்றிப் போங்கள். வானம் இருட்டியிருந்தாலும் போங்கள்.